விளையாட்டும் கேளிக்கையும்

சிவபெருமான் இயற்றியருளும் ஐந்தொழிலும் அவனுக்கு விளையாட்டு என்பது நம் நூல்களிற் பயின்று வரும் வழக்கு. மதுரையில் அவன் நிகழ்த்திய அறுபத்துநான்கு அருட்செயல்களும் திருவிளையாடல் என்றே பெயர்பெற்றன. இவ்வழக்கைக் கேட்டுப் பயின்ற சைவ நன்மக்களுக்கு இதன்கண் ஐயம் எழுதற்கு இடமில்லை. ஆயினும், சொல் என்பது ஏட்டில் மட்டும் வாழ்வதன்று, தெருவிலும் வாழ்வது. தெருவில் அதன் பொருள் திரியுமாயின், ஏட்டிற் கிடந்த அச்சொல்லும் கேட்போர்க்குத் திரிந்த பொருளையே தரும். விளையாட்டு என்னுஞ் சொல் அவ்வாறு திரிந்தமையால் நேர்ந்த இடர் யாது என்பதனை, யாம் வாழும் எம். புதுப்பட்டியையும் அதனைச் சூழ்ந்த சிவகாசி நாட்டையும் முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் உவகைக்குரிய நிலைக்களன் நான்கு வகுத்து, செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். உரியியலிற் கெடவரல், பண்ணை என்னும் இரண்டும் விளையாட்டு என்னும் பொருளுணர்த்தும் என்றார். இவற்றுட் கெடவரல் இன்று முற்றும் வழக்கிழந்தது. பண்ணையோ வயலையும் வேளாண்மை நிலையத்தையும் குறிக்கச் சென்றுவிட்டது. பண்ணை என்றால் விளையாட்டு என்று இன்று ஓர் உழவனிடம் கூறின் அவன் நகுவான். கற்பியலில், தலைமக்கள் ஆற்றினும் குளத்தினும் சோலையினும் ஆடி மகிழ்தல் ஓதப்பட்டது. இவ்விடங்களிலெல்லாம் ஒன்று நோக்கத்தக்கது. ஆடுவோர் யாரோ அவரே மகிழ்வோர். ஒருவர் ஆட மற்றொருவர் இருந்து காண்டல் என்பது இச்சொல்லின் முதற்பொருளன்று. நீந்துவோன் கை சோர்கின்றான்; ஊசலாடுவோள் கால் உந்துகின்றாள். வருத்தமும் மகிழ்ச்சியும் ஓருடம்பின்கண்ணே நிகழ்கின்றன. விளையாட்டு என்பதன் முதனிலையை விழைவு என்பதனோடு இயைத்து, விழைந்து ஆடுதல் எனப் பொருள் கூறுவாரும் உளர். அது பொருந்துமாயினும் ஆகாதாயினும், ஆடுதல் என்னும் வினை இச்சொல்லினின்று நீங்காமை கருதத்தக்கது.

அடுத்து வேடிக்கை என்னுஞ் சொல்லை நோக்குவாம். இது சான்றோர் செய்யுட்களிற் காணப்படாத பிற்காலச் சொல். தெலுங்கிலுள்ள வேடுக என்பதனோடு உறவுடையது. இதனோடு பெரிதும் இயைந்து நடக்கும் வினை ‘பார்த்தல்’ என்பதே. வேடிக்கை பார்த்தல் என்கிறோம். வேடிக்கை ஆடுதல் என்பதில்லை. வீதியில் இருவர் அடித்துக்கொள்ளும்போது விலக்காது சூழ்ந்து நிற்பாரையும் ‘வேடிக்கை பார்க்கின்றனர்’ என்றே உலகம் சொல்லும். எனவே, தான் பங்கு கொள்ளாது, தனக்கு வருத்தமின்றி, பிறர்பால் நிகழ்வதனைக் கண்ணாற் கண்டு நிற்றல் என்னும் கருத்து இச்சொல்லினுள் அமைந்து கிடக்கின்றது. உவகையின் நிலைக்களன் உடம்பினின்று கண்ணளவிற் சுருங்கியது இச்சொல்லோடு என்று கூறினும் இழுக்காது.

இவ்வேடிக்கையோடு ‘வாணம்’ என்பது கூடி வாணவேடிக்கை ஆயிற்று. வாணமாவது பாணம் என்னும் வடசொல்லின் திரிபு; அம்பு என்பது பொருள். அம்புபோல் வானில் ஏறிச் சேறலின் அப்பெயர்த்து. வெடிமருந்து சீன நாட்டிற் றோன்றிப் பிற நாடுகளிற் பரவியது. 1443-ஆம் ஆண்டு விசயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதராகிய அப்துர் ரசாக்கு என்பார் அந்நகரத்து மாநவமி விழாவில் வாணவேடிக்கை கண்டதனை எழுதிவைத்தனர். ஆகவே தேவார ஆசிரியர் காலத்து விழாக்களில் விளக்கும் முழவும் கூத்தும் இருந்தன, வெடி இல்லை. தீபாவளிக்கு வெடி இன்றியமையாதது என்பாரும், அதனை விடுத்தல் சமயத்துக்கு இழுக்கு என்பாரும் இதனை அறிதல் நலம்.

இனிக் கேளிக்கை. கேளி என்னும் வடசொல்லடியாகப் பிறந்த இது, ஆடல், இன்பவிளையாட்டு என்னும் பொருளோடு அரசர் மாளிகைகளிலும் செல்வர் மனைகளிலும் வழங்கிய சொல். பொதுமக்கள் வாயில் இது மிக வழங்கியதன்று. இதனைத் தெருவுக்குக் கொணர்ந்தவர் புலவரல்லர், அரசாங்கத்தார். 1939-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு வரிச்சட்டம் இயற்றப்பட்டது. அதனைத் தமிழிற் கேளிக்கை வரி என்றனர். கட்டணம் கொடுத்து உள்ளே செல்லும் காட்சி, ஆட்டம், விளையாட்டு முதலியன எல்லாம் அதன்கண் அடங்கின. வரி கேளிக்கைக்கு என்று பெயரே ஒழிய, உண்மையில் அது நுழைவுக் கட்டணத்தின்மேல் விழுவது. கட்டணமில்லாத கோயிற்றிருவிழாவும், ஊர்மந்தையிற் சிறுவர் ஆடும் கிட்டிப்புள்ளும் அச்சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றா. நெடுங்காலம் நடந்த இவ்வரி 2017-ஆம் ஆண்டிற் சரக்கு சேவை வரியின் வரவால் வேறுருவங் கொண்டு, உள்ளாட்சி மன்றங்களின் வரியாக எஞ்சியது. இடையில் 2006-ஆம் ஆண்டிற் றமிழ்ப் பெயர் சூட்டிய திரைப்படங்களுக்கு இவ்வரியினின்று விலக்கு அளிப்பதாக ஆணை பிறந்தது. படத்தினுள் தமிழ் உளதோ இலதோ, பெயர் தமிழாயிற்று. அம்மட்டில் மகிழ்வேம்.

இவ்வாற்றான், ஆடுவதாக இருந்தது காண்பதாகி, காண்பது விலை கொடுத்துக் கொள்வதாயிற்று. இம்மூன்று நிலைக்கும் மூன்று சொற்கள் வந்து அமைந்தன. ஆயின் இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தும் தத்தம் எல்லையில் நிற்கவில்லை. பின்வந்த சொல்லின் பொருள் முன்னைச் சொல்லின்மேலும் ஏறிற்று. இன்று விளையாட்டு என்று கேட்டவுடன் பலர்க்கும் நினைவு வருவது, ஆயிரவர் இருந்து காண இருபத்திருவர் ஆடுவதும், அதனைத் தொலைக்காட்சியில் வீட்டிலிருந்து நோக்குவதுமே. ‘விளையாட்டாகச் செய்தான்’ என்றால் பொறுப்பின்றிச் செய்தான் என்பது பொருளாயிற்று. ‘என்ன விளையாடுகிறாயா?’ என்று ஒருவன் சினந்து கேட்கும்போது, என் துன்பம் உனக்கு நகையாயிற்றோ என்பதே அவன் கருத்து. இப்பொருளினைத்தான் யாம் முன்னர்க் கூறிய இடர் என்றது.

பொழுதுபோக்கு என்பது பற்றியும் ஒரு வார்த்தை. இதனைப் புதுச்சொல் என்று கருதுவர். பொழுது போக்குதல் என்னும் வினையோ அப்பரடிகளது இன்னம்பர்க் குறுந்தொகையிலேயே உள்ளது. தொழுது அழுது அரற்றுவாரையும், காலத்தை வீணே கழித்துத் தன்னைப் புறக்கணிப்பாரையும் இறைவன் தனித்தனியே கணக்கெழுதி வைக்கின்றான் என்பது அத்திருப்பாட்டின் கருத்து. அத்தலத்துப் பெருமானுக்கு எழுத்தறிநாதர் என்று பெயர் வழங்குதலும் ஈண்டு நினையத்தக்கது. அன்று கணக்கிற் பழியாக ஏறிய அச்செயல் இன்று பத்திரிகைகளில் ஒரு பகுதிக்குத் தலைப்பாக நிற்கின்றது. ‘உமது பொழுதுபோக்கு யாது?’ என்று வினாவுதல் நாகரிகமாகவும் கருதப்படுகின்றது.

இனி எம் நாட்டின் நிலைமையைக் கூறுவாம். சிவகாசியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் கரிசல் நிலம், மழை குறைவு, ஆறு என்று சொல்லத்தக்கவற்றில் நீரினும் மணலே மிகுதி. மேற்கே மலை தெரியும். அதன்மேல் முகிலும் தெரியும். இவண் பெய்தல் அரிது. காசியினின்று கொணர்ந்த இலிங்கத்தைப் பாண்டிய மன்னன் இங்கே எழுந்தருளச் செய்தமையின் இவ்வூர் சிவகாசி எனப்பட்டது என்பது தலவரலாறு. உழவு கைவிட்ட இந்நிலத்தில், 1920-களின் தொடக்கத்திற் கல்கத்தா சென்று தீப்பெட்டித்தொழில் கற்று மீண்ட பி. அய்ய நாடார், ஆ. சண்முக நாடார் என்னும் இருவரும் அத்தொழிலை நாட்டினர். அதன்வழிப் பட்டாசும் அச்சும் பெருகின. மழையின்மையாகிய குறையே மருந்து உலர்தற்குக் குணமாயிற்று. இத்தொழில் பல்லாயிரங் குடும்பங்கட்குச் சோறு இட்டது. இதனை மறந்து இத்தொழிலைப் பழித்தல் எமக்கு உடன்பாடன்று. நகரத்திருந்து இதனைப் பழிப்பார் பலர் எம் ஊரில் ஒரு கோடை தங்கியதில்லை.

ஆயினும் வானத்திற் பூவாக விரிவது கீழே எவ்வாறு உண்டாகின்றது என்பதனை அறிந்தார் சிலரே. வெடியுப்பும் கந்தகமும் கரியும் அலுமினியத் தூளும் அளவறிந்து கலக்கப்படும். பச்சை ஒளிக்குப் பேரியமும், சிவப்புக்கு சுட்ரான்சியமும் சேர்க்கப்படும். உராய்வும் வெப்பமும் தனித்தனியே பகை. அதனால் ஓர் அறைக்கு இத்துணைப் பேர்தாம் இருத்தல் வேண்டும், இத்துணை மருந்துதான் வைத்தல் வேண்டும், அறைக்கும் அறைக்கும் இத்துணை இடைவெளி வேண்டும் என்றெல்லாம் விதிகள் உள. விதி மீறப்படுதல் பெரும்பாலும் தீபாவளி அணுகும் மாதங்களில் நிகழும். அப்பொழுதுதான் கேட்போர் மிகுதி; அறையிற் கூட்டமும் மிகுதி. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த தீயில் முப்பத்தைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் ரெங்கபாளையத்தில் 13 பேர் மாண்டனர். அவருட் பெண்டிர் பலர். இவை பெரியன ஆதலிற் செய்தித்தாளில் நின்றன. ஒருவர் இருவராக மாண்டவை நிற்பதில்லை.

இத்தகைய தீயொன்றில் மகளை இழந்த ஒரு தாயின் மனைக்கு யாம் துக்கம் வினாவச் சென்றிருந்தேம். ஊரும் ஆண்டும் ஈண்டு வேண்டா. அங்கு வந்திருந்த முதியவர் ஒருவர், நல்லவர், நீறு பூசியவர், ஆற்றுவிக்கும் கருத்தால், ‘எல்லாம் அவன் விளையாட்டு தாயி’ என்றார். அத்தாய் தலைநிமிர்ந்து, ‘விளையாட அவனுக்கு எம்பிள்ளைதானா அகப்பட்டா?’ என்றாள். பின்னர் அவ்விடத்தில் ஒருவரும் ஒன்றும் உரைத்திலர்.

அவள் கேட்டது நாத்திகமன்று. அவள் அறிந்த தமிழில் விளையாட்டு என்னுஞ் சொல்லுக்கு என்ன பொருளோ, அப்பொருளைக் கொண்டே அவள் வினாவினாள். பிறர் வருந்தத் தான் கண்டு களித்தல் என்பது அப்பொருள். அது பட்டாசு கொளுத்துவோனுக்குப் பொருந்தலாம். ஆண்டவனுக்கும் பொருந்துமோ என்பது அவள் வினா. அதற்கு விடை கூறுதல் நம் கடன். அவ்விடை புதிதாகச் சமைக்கவேண்டுவதன்று. நம் நூலினுள்ளே உள்ளது.

இறைவன் ஐந்தொழில் செய்தற்குக் காரணம் யாது என்னும் வினாவை அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் முதற் சூத்திரத்திலேயே எழுப்புகின்றார். அதற்கு, அவை முன்னவனுடைய விளையாட்டு என்று கூறுதலும் அமையும் என ஓர் உம்மை கொடுத்துத் தொடங்கி, அவ்வளவில் நில்லாது, உயிர்கட்குப் போகமும் வீடும் வழங்குதலும், அவற்றைப் பற்றிய மலங்களைத் துடைத்தலும் என மேற்சென்று, அடுத்த பாட்டில் அழித்தல் இளைப்பாற்றுதல் என்றும், பார்க்குமிடத்து எல்லாம் அருளே என்றும் முடிவு காட்டுகின்றார். விளையாட்டு என்பது வினாவின் முதல் விடை. முடிந்த விடை அருள். முதல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு முடிந்த விடையைக் கைவிடுதல், பாட்டின் முதற்சீரை ஓதிப் பொருள் கண்டேன் என்பதோடொக்கும்.

அற்றேல், அருள் என்றே கூறாது விளையாட்டு என்று முதற்கண் உடம்படுவானேன் எனின், கூறுதும். விளையாட்டு என்னுஞ் சொற்கு எளிதிற் செய்தல் என்னும் பொருள் உண்டு. ஐந்து கல நெல்லைச் சுமந்து செல்லுதல் சாத்தன் என்பானுக்கு விளையாட்டு என்று நம் உரைமரபில் ஓர் உவமை காட்டுவர். அவ்விடத்து, சாத்தன் நெல்மூட்டையை வைத்துக்கொண்டு பொழுது போக்குகின்றான் என்பது பொருளன்று. பிறர்க்கு அரிதாகிய சுமை அவனுக்கு அரிதன்று என்பதே பொருள். இறைவன் எண்ணிய மாத்திரத்தே ஐந்தொழிலும் நிகழ்தலின் அவை அவனுக்கு விளையாட்டு. இன்னும், அவன் நிறைவுடையன். ஐந்தொழிலாற் றான் பெறத்தக்கது ஒன்றுமில்லை. தன்பயன் கருதாமையும் விளையாட்டு என்னுஞ் சொல்லால் உணர்த்தப்பட்டது. வேதாந்த சூத்திரமுடையாரும் உலகப் படைப்பை லீலை என்றது, குறைநிரப்பும் பொருட்டு அன்று என்பதனைக் காட்டுதற்கே. இவ்விரண்டு பொருளினும், பிறர் துன்பத்தைக் கண்டு களித்தல் என்பது சிறிதும் இல்லை. கேளிக்கையாவது களிப்பு இல்லாதவன் அதனைத் தேடுவது. பேரின்பமே தன் இயல்பாக உடையானுக்குக் கேளிக்கை தேடவேண்டுவது யாது?

இவ்வுவமையில் யாம் பெரிதும் வியப்பது, அது சுமையை எடுத்துக்காட்டாக வைத்தமை. விளையாடுவோன் எவனோ அவன்மேலேதான் ஐந்து கலமும் இருக்கின்றன. இதனை உட்கொண்டு பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தை நோக்குக. தாயிழந்த பன்றிக்குட்டிகட்கு முலை கொடுக்கின்றான். தாகத்தால் வருந்திய படைக்குத் தண்ணீர்ப்பந்தர் வைக்கின்றான். பற்றுக்கோடு இழந்த சிறுவனுக்கு மாமனாக வந்து வழக்குரைக்கின்றான். அடியவன் ஒருவனுக்காக விறகு சுமந்து தெருவில் விற்கின்றான். இவையெல்லாம் திருவிளையாடல். இவற்றுள் ஒன்றிலேனும் அவன் இருந்து வேடிக்கை பார்த்ததாக உண்டா? ஏதேனும் ஒரு சுமை அவன் தலைமேல் ஏறாத விளையாட்டு அரிது.

மண் சுமந்த படலம் இதனை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவிக்கும். வையை பெருகிக் கரை உடைகின்றது. வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுண்ணும் வந்தி என்னும் முதியாளுக்கு ஆள் இல்லை; கூலி கொடுக்கப் பொருளும் இல்லை. பெருமான் கூலியாளாகி வருகின்றான். உதிர்ந்த பிட்டே கூலி. அவன் மண்ணைச் சுமக்கின்றான். பாடுகின்றான், ஆடுகின்றான், உறங்குகின்றான். விளையாட்டு என்னுஞ் சொல்லின் முதற்பொருளும் இதன்கண் உளது, சுமையும் உளது, கூலியும் உளது. இறுதியில் மன்னன் பிரம்பினால் அடிக்க, அவ்வடி மன்னன்மேலும் உயிர்கள் அனைத்தின்மேலும் பட்டது. ஆள் இல்லாத ஒரு பெண்ணின் பங்கை அடைத்தற்கு அடியுண்டவன், மகளை இழந்த ஒரு பெண்ணின் கண்ணீரைக் காட்சிப்பொருளாக்குவான் என்று கூறுதல் எத்துணைப் பொருந்தாமை! அன்று அம்முதியவர் ‘அவன் விளையாட்டு’ என்று கூறிய இடத்து, ‘உன் பங்கு மண் இனி அவன் தலைமேல்’ என்று கூறியிருப்பாராயின், சொல் வேறாயினும் சித்தாந்தம் அதுவே ஆம்.

இனி மற்றொரு கூற்றும் அத்தகைய மனைகளிற் கேட்கப்படுகின்றது. ‘அவரவர் வினை’ என்பது அது. வினைக்கொள்கை நமக்கு உடன்பாடே. நுகர்வோனைப் பற்றிப் பிராரத்தம் என்று கூறுகின்ற நூலே, செய்வோனைப் பற்றி ஆகாமியம் என்றும் கூறுகின்றது. நால்வர் இருக்கவேண்டிய அறையிற் பதின்மரை இருத்துவோன், தன் செயலை மாண்டார் பிராரத்தத்தின்மேற் சுமத்தித் தப்புதல் இயலாது. அவன் செய்தது அவன் கணக்கில் ஆகாமியமாக ஏறும். விலை குறைவு, ஒலி மிகுதி என்று தேடித் தேடி வாங்குவோனுக்கு அக்கணக்கிற் பங்கு உண்டா என்பது நுட்பமான வினா. உண்டு என்றே யாம் கருதுகின்றேம். ஊன் கொள்வோர் உளராதலாற்றான் கொல்வோர் உளர் என்பது பழைய அறநூலார் முறை. இதனோடு ஒப்பிட்டு, அளவு வேறு எனினும் வகை ஒன்று எனலாம். மேலும், வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் தான் ஆராய்தற்குத் தரப்பட்டது. அடுத்த வீட்டுத் துன்பத்துக்கு விளக்கம் எழுதுதற்குத் தரப்பட்டதன்று. தன் இடர்க்குத் தன் வினையைக் காரணமாகக் கொள்வோன் பணிவுடையன். பிறன் இடர்க்கு அவன் வினையைக் காரணமாகக் கூறுவோன் பெரும்பாலும் எழுந்து போதற்கு விரைகின்றான்.

அஃதேல், உவகைக்கு இடமே இல்லாத நெறியோ சைவம் என்பார்க்கும் ஒன்று கூறவேண்டும். அன்று. மணிவாசகப் பெருமான் அம்மானையும், பொற்சுண்ணமும், சாழலும், பூவல்லியும், உந்தியும், தோணோக்கமும், பொன்னூசலும் ஆகிய மகளிர் ஆடல்களை எடுத்து அவற்றையே திருப்பதிகங்களாக்கினார். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் முதற்கண் வைத்தெண்ணப்படும் திருவுந்தியார், சிறுமியர் ஆடும் உந்திபறத்தலின் யாப்பிலேயே வீட்டுநெறியைக் கூறுகின்றது. சித்தாந்தத்தின் வாயிலில் ஒரு விளையாட்டுத்தான் நிற்கின்றது என்றவாறு. குமரகுருபர அடிகள் முதலாயினார் பிள்ளைத்தமிழில் சிற்றிலும் சிறுதேரும் ஊசலும் கழங்கும் பாடிக் கடவுளையே குழந்தையாக்கினர். இவையாவும் ஆடுவோர் கையும் காலும் வருந்தி ஆடுபவை, பிறரொருவரை வருத்தாதவை. ஆதலின் அவற்றைத் தெய்வத்தின்மேல் ஏற்றுதற்கு அவர் நாணவில்லை. சரவெடியை ஒருவர் அவ்வாறு பதிகமாக்கக் கருதுவரேல் எங்ஙனம் ஆக்குவர் என்பது எமக்குப் புலப்படவில்லை.

இவ்விடத்து இன்னுமொன்று நினைவுக்கு வருகின்றது. சென்ற நூற்றாண்டிற் பல்லாண்டுகள் எம் நாட்டுச் சிறார், உந்திபறக்கும் பருவத்தில், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கியும் தாள் ஒட்டியும் பொழுதைக் கழித்தனர். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தார், சிவகாசிச் சிறார் தொழில் பற்றிய வழக்கில், சிறாரை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு சிறுவன் பொருட்டும் 20,000 ரூபாய் செலுத்துதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். அந்நிலை இன்று பெரிதும் மாறியது. சிறார் பள்ளிக்குச் செல்கின்றனர். விளையாட வேண்டியவர் உழைத்து, உழைக்கவல்லார் விளையாடுதற்குப் பொருள் செய்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது என்பதைச் சொல்லாராய்ச்சியும் குறித்துவைத்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றத்தார் பேரியம் சேர்த்தலையும் சரவெடியையும் விலக்கி, தீபாவளியன்று இரவில் இரண்டு மணிநேரமே வெடித்தற்கு அளவு வகுத்தனர். அது காற்றின் தூய்மை கருதியது, நன்று. ஆலையினுள் இருப்பார் உயிர் அந்த வழக்கின் மையமாக இல்லாமை மட்டும் எமக்கு ஒரு குறையாகவே தோன்றுகின்றது.

பட்டாசுப் பொதிகளின்மேல் இலக்குமி முதலிய தெய்வப்படங்களை அச்சிடும் வழக்கத்தைப் பற்றியும் அன்பர் சிலர் எம்மை வினாவினர். வெடித்தபின் அப்படம் கிழிந்து காலில் மிதிபடும். இதனைப் படம் போடுவோரும் அறிவர், வாங்குவோரும் அறிவர். இதற்குச் சாத்திரம் தேடவேண்டுவதில்லை.

மண் சுமந்த படலத்துக்கு உரிய நாள் ஆவணி மூலம். மதுரையில் அன்று பிட்டுத் திருவிழா. எம் பக்கத்து ஊர்களில் அப்படலத்தைப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் குன்றிவிட்டது. மடாலயத்தாரும் புராணம் கூறுவாரும் அந்நாளில் இங்கு வந்து, விளையாடல் என்னுஞ் சொற்கு மேற்கூறிய பொருளை எளிய தமிழில் விளக்குவராயின் பெருநன்மை பயக்கும். ஒன்று மட்டும் முன்னறிந்து வருதல் வேண்டும். ஆவணியில் தீபாவளிக்குரிய சரக்கு விரைந்து செய்யப்படும். ஆலை வண்டிகள் விடியற்காலையிலேயே ஊர்தோறும் வந்து பெண்டிரை ஏற்றிச் செல்லும். அவர் மீளுதற்கு மாலையாகும். ஆதலின் படிப்பை இரவில் வைத்துக்கொள்க.